முதல் விலை

கேட்டவுடன் சரியென்று சொன்னால் பெண்ணிடம் ஏதோ குறை என்று நினைத்துவிடுவான். அதனால்தான் மகள் வடிவைக் கட்டித்தரச் சொல்லிக் கடைக்கு வந்து நின்ற வாத்தியார் மகனிடம், பாத்திரக்கடை தனுஷ்கோடி அண்ணாச்சி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "முடியாது, போ" என்றார். உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை. சீர்ப் பாத்திரங்களைக்கூட மனதில் எடுத்து வைத்தாயிற்று.

"வடிவு படித்துறையில நிக்கா, மாமா. நீங்க முடியாதுன்னா நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்க மாட்டோம்" என்றான் பையன்.

பேரம் பேசத் தெரிந்த பிள்ளைதான் என்று அண்ணாச்சி ரசித்தார். 'இந்த விலைக்குக் கொடுத்தா நான் செத்தேன்' என்று அவரே காலையிலிருந்து எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்தார்.

பையன் படியிறங்கினான்.

"கூப்பிடுங்க" என்று பதறினாள் கடையில் உடனிருந்த மனைவி.

"ஏளா, சும்மா இரு. நாமளா கூப்பிட்டா மதிப்பு போயிரும். வளையக்கடை தாண்ட மாட்டான், பாரு."

தாண்டினான். பூக்கடையையும் தாண்டினான். என்ன அழுத்தம், இவன் நம் கல்லாவில் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று தொடையைத் தட்டிக்கொண்டார் அண்ணாச்சி. வரவழைத்த காபியை ரசித்துக் குடித்து முடித்தபோது, தெருவே ஆற்றுப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு பையனும் பொம்பளப் பிள்ளையும் குதிச்சிட்டாவளாம், அண்ணாச்சி."

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். வேட்டி தடுக்கியது. இளவட்டங்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

"முன்னால போறவன் யாராவது சொல்லுங்கடே" என்று மூச்சிரைக்கக் கத்தினார். "நான் சரின்னுட்டேன்னு சொல்லுங்கடே."