தம்பி பேரில் மாத்திரை

புதுக் காய்ச்சல் மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆவூர்ப் பக்கம் டாக்டர்கள் முகாம் போட்டிருந்தார்கள். மாத்திரை சாப்பிட வருகிறவருக்கு வாரம் மூன்று ரூபாய். வயது மட்டும் நாற்பதைத் தாண்டக் கூடாது. நாற்பத்தைந்து ஆகிவிட்ட சந்தனசாமி, போன வருஷம் செத்துப்போன தம்பி மைக்கேல்சாமியின் பேரைக் கொடுத்துச் சேர்ந்துகொண்டார்.

ஐந்தாவது வாரம் போகும்போது மாதா கோயிலில் துக்கமணி அடித்தது. யாரோ பாவம் என்று தலைத்துண்டை அவிழ்த்து, நடந்தபடியே அந்த ஆத்துமாவுக்காக மந்திரம் சொல்லிக்கொண்டு போனார்.

முகாமில் அன்றைக்குப் புதுக் கம்பவுண்டர். தம்பி பேரைச் சொன்னதும் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"அவரு இப்பத்தானே வந்து வாங்கிட்டுப் போனாரு. நீங்க யாரு?"

கைநாட்டில் மை காயவில்லை. பெருவிரல் ரேகையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. கதிர் அறுக்கையில் தம்பிக்கு அரிவாள் பட்ட தழும்பு அது.

சந்தனசாமி நோட்டின் மேல் குனிந்தார். "என்ன சொன்னாருங்க?"

"நிக்கக்கூட இல்லைங்க. அண்ணன் சந்தனசாமி எறந்துட்டாராம், அடக்கத்துக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு. அந்தா, இன்னும் மணி அடிக்குதே, அவருக்குத்தான்."