தையல் விட்ட நைட்டி

மனநல வார்டில் சேர்த்த நாளிலிருந்து ஜெயசுதா வாய் திறக்கவில்லை. கணவன் தீனதயாளன் தினமும் மாற்று நைட்டி கொண்டுவருவான். ஒவ்வொன்றிலும் எங்காவது தையல் பிரிந்திருக்கும்.

நர்ஸ் கீர்த்தனாவுக்குப் பொறுக்கவில்லை. “பனியன் கம்பெனி டெய்லர்தானுங்களே? பொண்டாட்டிக்கு ஒரு நல்ல துணி கொண்டார முடியாதுங்களா?”

மறுநாள் அவன் கொண்டுவந்த நைட்டியிலும் தையல் பிரிந்திருந்தது.

ஒன்பதாம் நாள், மடியிலிருந்த நைட்டியை ஜெயசுதா மெல்லப் புரட்டினாள். “ஏனுங்க, கையில தையல் உட்டிருக்குது. இதை ஆரு பாஸ் பண்ணுனது?”

தீனதயாளனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எங்க கம்பெனியில செக்கிங் இவதானுங்க சிஸ்டர். டேமேஜ் பீஸைக் கண்டா இவளால பேசாம இருக்க முடியாதுங்க. அதான் தினமும் நானே பிரிச்சு…”

“பிரிச்சதையெல்லாம் ஊட்டுக்குப் போயி ஒழுங்காத் தெச்சு வெய்யுங்க,” என்று அதட்டினாள் ஜெயசுதா. “நான் வந்து பாப்பேன்.”