தொட்டிக்குள் பூனை

தீயணைப்பு வீரர் பூனையை மார்போடு அணைத்தபடி, தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் இறங்கத் தொடங்கினார். கீழே அத்தனை கேமராக்களும் நிமிர்ந்தன.

உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபரை யாரோ முழங்கையால் தள்ளிவிட்டு முன்னால் போனார்கள். அவள் ஒதுங்கி நின்றாள். இந்தச் செய்தியை முதலில் எழுதியவள் அவள்தான் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

தொட்டி வறண்டு கிடக்கிறது என்று கோடை முழுக்க எழுதிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில், வாடகை வீட்டு விளம்பரங்களுக்குக் கீழே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா லாரித் தண்ணீரைச் சுமந்து மாடியேறும்போது விழுந்து இடுப்பொடிந்ததையும் எழுதினாள். அதுவும் அதே மூலையில்தான். குடிநீர் அதிகாரி அவளை வழியில் பார்த்தால் ஒரு சிரிப்போடு போய்விடுவார்.

பிறகுதான், தொட்டிக்குள் ஒரு பூனை மாட்டிக்கொண்டது என்று நாலு வரி எழுதினாள்.

காலையில் நகரத்து நாளிதழ் அதை எடுத்துப் போட்டது.

மதியம் தொலைக்காட்சியில் அது முழுகாமல் இருக்கும் பூனை ஆனது. சொட்டுத் தண்ணீர் இல்லாத தொட்டியில் முழுகாமல் இருக்காமல் வேறென்ன செய்யும் என்று தெருப் பெண்கள் சிரித்தார்கள்.

சாயங்காலம் கடல் கடந்த சேனல் ஒன்று அதற்குச் செல்லப் பெயரே வைத்துவிட்டது, பெண் பெயர். அது கடுவன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பூனை தரைக்கு வந்தது. கூட்டம் கைதட்டியது. தொலைக்காட்சிப் பெண் அதன் முதுகைத் தடவினாள். பிறகு ஏதோ தோன்றியவளாக, ஒலிவாங்கியைப் பக்கத்தில் நின்ற குடிநீர் அதிகாரியிடம் திருப்பினாள்.

“தண்ணித் தொட்டிக்குள்ள இருந்த பூனை ஏன் சார் நனையவே இல்ல?”

நிருபர் பூனையைப் பார்க்கவில்லை. அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரலை என்பதால் அவரால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நாளைக் காலைக்குள் தொட்டி நிறைந்துவிடும் என்று உலகத்துக்கே வாக்குக் கொடுத்தார்.

அவள் அதை வார்த்தை மாறாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

கேமராக்கள் பூனையின் பின்னால் போனதும் தீயணைப்பு வீரர் அவள் பக்கம் வந்தார். அவருக்கும் அவளுடைய தெருதான். அவரும் லாரிக்கு வரிசையில் நிற்பவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து அவள் பைக்குள் போட்டார்.

“பூனை பக்கத்துல இருந்துச்சும்மா. பாதி தண்ணி மிச்சம், ஊத்திட்டேன். அடியில உங்க பேரு வெட்டியிருக்கு.”