கழுத்துத் துணி

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஓரம், கயலிட்ஷாக் குடிசைப் பகுதியின் காற்று மணலை வாரித் தகரச் சுவரில் அடித்துக்கொண்டே இருக்கிறது. வேலை முடிந்து வந்த புசிஸ்வா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அண்ணி நொலுவோவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் தண்ணீர், மறு கையில் மாத்திரை. காசநோய் மாத்திரை உள்ளே போயாயிற்று. புதிதாகச் சேர்த்த எச்.ஐ.வி. மாத்திரைக்குத்தான் நொலுவோ வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். மாமனார் இருக்கும் வீட்டில் மருமகள் தலையும் தோளும் மூடியே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இந்தப் புழுக்கத்திலும் அவள் கழுத்துத் துணியை அவிழ்க்கவில்லை. பொறுக்கமாட்டாமல் புசிஸ்வாவே தண்ணீரையும் மாத்திரையையும் கீழே வைத்துவிட்டு அவிழ்க்கிறாள். காய்ச்சலின் அனல் கையில் அடிக்கிறது. காசநோயால் கழுத்தில் வந்து வற்றிப்போயிருந்த கட்டி மறுபடி உருளைக்கிழங்கு போல வீங்கிச் சிவந்து பளபளக்கிறது. "பாத்தியா? எல்லாம் இந்தப் புது மாத்திரையாலதான்," என்கிறாள் நொலுவோ. "இதைப் போய் மூடி வச்சிருந்தியே, அண்ணி! நர்சு மாத்திரை குடுத்த அன்னிக்கே சொன்னாங்கல்ல? தூங்கிக் கெடந்த ஒடம்பு முழிச்சிக்கிட்டு கிருமியோட மல்லுக்கு நிக்கும், வீங்கினா உடனே வந்து காட்டு, மாத்திரைய மட்டும் நிறுத்தாதேன்னு." "மல்லுக்கு நிக்க என் கழுத்துதான் கெடச்சுதா?" இருவருக்கும் சிரிப்பு வருகிறது, சிரிக்கத்தான் தெம்பில்லை. வெளியே மாமனாரின் செருப்புச் சத்தம். நொலுவோவின் கை துணிக்குப் பாய்கிறது. புசிஸ்வா துணியை விடாமல் பிடித்திருக்கிறாள். கிழவர் வாசலுக்கு வந்து, கட்டியைப் பார்த்து, ஒரு கணம் நிற்கிறார். பிறகு திரும்பி, முதுகைக் காட்டியபடி படியில் உட்கார்கிறார். "நான் ஒண்ணையும் பாக்கல, மருமகளே. விழுங்கிட்டுச் சொல்லு, ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்புடுறேன்." திறந்த கழுத்தில் மாத்திரையோடு தண்ணீர் இறங்குவதைப் புசிஸ்வா கண்கொட்டாமல் பார்க்கிறாள்.