பிரிக்காத நாற்பத்திரண்டு பெட்டிகள்

காலாண்டின் கடைசி நாள். பெட்டியின் முத்திரையை வீட்டுக்காரர் உடைத்தால்தான் அது விற்பனை. அதுவரை வெறுமனே அனுப்பிய சரக்கு. அதுதான் புதுச் சட்டம். தூத்துக்குடியில் இன்ஜின் சத்தத்தில் காது மந்தமான விசைப்படகு மெக்கானிக்குகள் வாழும் அந்தத் தெருவுக்கு வந்த நாற்பத்திரண்டு புதிய செவிக்கருவிகளில் ஒன்றைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"ஆறு மணிக்குள்ள பிரிச்சிருங்கக்கா. அத்தனையும் வித்தாச்சுன்னு மேல அறிவிச்சிட்டாங்க," என்று கெஞ்சினான் நிறுவனத்தின் ஆள் கதிரேசன்.

"அறிவிச்சவங்களையே வந்து பிரிக்கச் சொல்லுங்க தம்பி," என்றாள் ஜெசிந்தா.

அவள் கணவர் ரொசாரியோவின் பழைய கருவியை, புதியதை வாங்கவைப்பதற்காக, நிறுவனம் மூன்று மாதத்துக்கு முன் தன் அலுவலகத்திலிருந்தபடியே அணைத்துவிட்டது. புதியதில் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும். இன்ஜின் ஓசையை இரைச்சல் என்று நீக்கிவிடும். காதால் பழுது கண்டுபிடிக்கும் மனிதர் அன்றிலிருந்து வீட்டில் முடங்கிக் கிடந்தார். தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

"பழசு எல்லாத்துக்கும் உயிர் குடுங்க. அடுத்த நிமிஷம் தெருவே பிரிக்கும்."

கதிரேசன் வியர்வையைத் துடைத்தபடி மேலிடத்தோடு நெடுநேரம் பேசினான். ஐந்து நாற்பதுக்கு, அணைந்த கருவியைக் கழற்றாமலே காதில் வைத்திருந்த ரொசாரியோ திடுக்கிட்டு நிமிர்ந்தார். துறைமுகத்துப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"லூர்தோட போட்டு வருது. வால்வு தட்டுது. இப்படியேவா ஓட்டிக்கிட்டு இருக்கான், கிறுக்கன்?"

ஜெசிந்தா கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் ஸ்பேனர் பையோடு வாசலில் இறங்கியபோது, தெரு முழுக்கக் கதவுகள் திறந்துகொண்டிருந்தன.

"ஏட்டி, சோத்த மூடி வை," என்றார். "வர நேரமாவும்."