நீட்டிய கால்

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வலது காலை மகாராஜா தோரணையில் நீட்டினான் ஆறு வயது ருஃபஸ். ஆட்ரி மண்டியிட்டு அவன் ஷூவுக்கு லேஸ் கட்டிவிட்டாள். அவன் ஸ்வெட்டரில் கோணலாகத் தொங்கிய மஞ்சள் பேட்ஜையும் கையோடு நேராகக் குத்திவிட்டாள்.

வகுப்புக் கதவின் கண்ணாடி வழியாக இதைப் பார்த்த தலைமை ஆசிரியை வெதரால் பல்லைக் கடித்தார். முப்பது பிள்ளைகளை மேய்க்கும் ஆசிரியருக்கு உதவியாக ஒருத்தியைப் போட்டால், அவள் ஒரே ஒரு பயலுக்குத் தாதியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று அவருக்கு எரிச்சல்.

இடைவேளையில் ஆட்ரியைத் தன் அறைக்கு வரச் சொன்னார். உட்காரச் சொன்னவர், டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. யார்க்‌ஷயரில் அதற்கு மேல் திட்டத் தேவையில்லை.

"ஏம்மா ஆட்ரி, பிள்ளை கையில பென்சிலை எடுத்துக் குடுக்கலாம். நீயே அவன் கையா மாறிடக் கூடாது."

"அவனுக்கு ஒண்ணுமே வரலை மேடம். லேஸ் கட்ட வரலை, ஸிப் போட வரலை. காலை நீட்டிட்டு என் மூஞ்சியையே பாக்கறான், பாவம்."

"நீ கட்டிவிட்டுட்டே இருந்தா எப்படி வரும்? பேட்ஜைக்கூட நீதான் குத்திவிடறே. புதுசா சேர்ற பிள்ளையைப் பாத்துக்கச் சொல்லிக் குடுத்த பேட்ஜ் அது. அதைப் போட்டுட்டிருக்கறவனையே ஒரு ஆள் பாத்துக்க வேண்டியிருக்கு. நல்லவேளை, இந்த டேர்ம் உங்க வகுப்புல புதுசா ஒரு பிள்ளையும் சேரலை."

ஆட்ரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வேலை பார்த்த ஷூக்கடையை மூடிவிட்டார்கள். இந்த டேர்ம் தொடக்கத்தில்தான் இங்கே வந்து சேர்ந்தாள். முதல் நாள் யாரும் ஒரு வேலையும் சொல்லாமல் போக, கையைப் பிசைந்துகொண்டு நின்றவள், பிள்ளைகள் கோட்டு மாட்டும் இடத்தில் போய் அழுதுவிட்டாள். அதைப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை உன் வேலையை நிரந்தரம் பண்றதா வேணாமான்னு நான் சொல்லியாகணும்," என்றார் வெதரால். "இன்னிக்கு மத்தியானம் விளையாட்டு பீரியட். நீ அவன் பக்கமே போகாதே. அவனா லேஸ் கட்டிட்டான்னா நீ இருக்கலாம். கட்டலைன்னா, நீ அவனைக் கெடுத்துட்டேன்னுதான் அர்த்தம்."

"இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்க மேடம். இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா தேறிக்கிட்டு வர்றான்."

"இன்னிக்கேதான்."

மத்தியானம் வழக்கம்போல மழை. வகுப்பாசிரியர் பென்ரோஸ் கூடத்தில் பாய் விரிக்கப் போயிருந்தார். வெதரால் சுவரில் ஒட்டியிருந்த படங்களை ரசிப்பதுபோல் ஓரமாக நின்றார். ஆட்ரி தொட்டிப் பக்கம் திரும்பி நின்று பெயின்ட் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்," என்று ருஃபஸ் காலை நீட்டினான்.

"நீயே கட்டிப் பாரு கண்ணு," என்றாள் ஆட்ரி, திரும்பாமலே.

"வரலை மிஸ்."

"வரும். கட்டு." அவள் குரல் உடைந்துவிட்டது.

ருஃபஸ் அவள் முதுகையே கவலையோடு பார்த்தான். பிறகு கழுத்துவரை போட்டிருந்த ஸ்வெட்டர் ஸிப்பைச் சர்ரென்று கீழே இழுத்துவிட்டான்.

"மிஸ், ஸிப்பும் கழண்டுருச்சு."

எவ்வளவு கொழுப்பு என்று நினைத்துக்கொண்டார் வெதரால். செல்லம் கொடுத்தால் வேறு எப்படி இருக்கும்? ஆட்ரிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "பந்து எடுத்துட்டு வர்றேன் மேடம்," என்று கண்ணைத் துடைத்தபடி வெளியே போனாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம். ருஃபஸ் குனிந்து, கண்மூடித் திறப்பதற்குள் லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டான். ஸிப்பைக் கழுத்துவரை ஏற்றினான். "நீ ஏன் இன்னும் முழிச்சிட்டு நிக்கறே?" என்று பக்கத்தில் நின்ற வினிஃபிரெடைத் திட்டிவிட்டு, அவளுக்கும் கட்டிவிட்டான்.

வெதரால் வாயைப் பிளந்து நின்றார். ஒரு மாதமாக ஒரு பொடிப்பயல் இரண்டு பெரிய மனுஷிகளை ஏமாற்றியிருக்கிறான்.

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. ருஃபஸ் அவசர அவசரமாக லேஸை இழுத்து அவிழ்த்துவிட்டு, பழையபடி காலை நீட்டிக்கொண்டான்.

பந்து மூட்டையோடு உள்ளே வந்த ஆட்ரி, அந்தக் காலைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். வேலை போய்விட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வெதராலுக்கு மனசு கேட்கவில்லை.

"கவலைப்படாதே ஆட்ரி. அவன் கட்டிட்டான், என் கண்ணால பாத்தேன். நீ இங்கயே இருக்கலாம்."

மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஆட்ரி பொலபொலவென்று அழுதாள், சந்தோஷத்தில்தான்.

வெதரால் முழங்கால் சொடக்குவிட ருஃபஸ் முன்னால் குந்தினார். "டேய் கள்ளா, உன் வண்டவாளம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. நாளையிலிருந்து மிஸ்கிட்ட காலை நீட்டக் கூடாது. சரியா?"

ருஃபஸ் அழுதுகொண்டிருந்த ஆட்ரியைப் பார்த்தான். மஞ்சள் பேட்ஜைக் கையால் பொத்திக்கொண்டு, தலைமை ஆசிரியையின் காதருகே குனிந்தான்.

"இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்க மிஸ். இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா தேறிக்கிட்டு வர்றாங்க."