வாளியைத் தட்டும் முன்னே

பெக்கான் நானாஸ் ஊரில் மீன் குளத்தின் மேல் காலை வெயில் மங்கலாக விழுகிறது. கஸ்தூரி தீனி வாளியோடு கரையில் நிற்கிறாள். வாளியின் விளிம்பை அகப்பையால் தட்டினால்தான் திலாப்பியா மீன்கள் மேலே வரும். அது அன்றாடப் பழக்கம். பக்கத்தில் கணவன் ரூபேந்திரனின் கைப்பேசியில் செய்தி ஓடுகிறது. மீன் பண்ணைகளுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் வரப்போகிறதாம். அழுக்குத் தண்ணீரை ஆற்றில் விடுகிற பண்ணைக்கு லைசென்ஸ் கிடையாதாம். "நாம தப்பிச்சோம் லா. ஆத்துக்குப் போற குழாயை நேத்தே சிமெண்ட் வச்சு அடைச்சிட்டேன். நிரம்பி வழியக்கூடாதுன்னு உள்ள வர்ற தண்ணியையும் நிறுத்திட்டேன்," என்கிறான். அவள் அகப்பையை ஓங்குகிறாள். ஓங்கிய கை அப்படியே நிற்கிறது. குளம் முழுக்க மீன்களின் வாய்கள், வட்டம் வட்டமாக.

"என்னங்க, நான் இன்னும் தட்டவே இல்லையே."

"பசி போல. போடு."

அவள் ஒரு பிடி தீனியை வீசுகிறாள். உருண்டைகள் வாய்களுக்கு நடுவே மிதந்து ஒதுங்குகின்றன. ஒரு மீனும் தொடவில்லை. வாய்கள் காற்றைக் கவ்விக் கவ்வி மூடுகின்றன.

"தீனிக்கு வரலங்க. தண்ணி ஓடாம மூச்சு முட்டுது. தண்ணி வந்து போகணும், ரெண்டு குழாயையும் திறங்க."

ரூபேந்திரன் ஆற்றுக்குப் போகும் குழாயின் வாயைப் பார்க்கிறான். சிமெண்ட் நன்றாகக் காய்ந்திருக்கிறது. அதன் நடுவில் அவனுடைய உள்ளங்கை பதிந்திருக்கிறது.